ஒப்பீடு எதுவரை?

கோயிலில் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது எமது பெற்றோர் பேசுவதில் பாதி பிள்ளைகளின் கதைதான். யாருடைய மகள் எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய மகனுக்கு எந்தக் கம்பனியில் வேலை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தட்டைக் கையில் ஏந்தியபடி இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அதே பெற்றோர் "மற்றவர்களோடு உன்னை ஒப்பிடாதே" என்று புத்தி சொல்வார்கள். அது ஏறுவதில்லை.

இலங்கைத் தமிழரிடம் ஒப்பீடு வெறும் பொறாமையாக வந்ததன்று. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூலத்தவருக்கு 229 போதும். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்திராவிட்டால் அநீதி நடந்ததென்றே தெரிந்திராது. ஆகவே ஒப்பிடுவதே பிழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொதுவான ஒன்றைப் பங்கிடும் இடத்தில் ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

சிக்கல், அந்த அளவுகோலை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான். இலங்கையில் 2001இல் இஸட் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரது சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க அது நல்ல வழிதான். ஆனால் அதன் இயல்பைக் கவனியுங்கள். மற்றவர்கள் நன்றாக எழுதினால் உங்கள் இஸட் புள்ளி இறங்கும். உங்கள் விடைத்தாளில் ஓர் எழுத்துக்கூட மாறியிராது. பல்கலைக்கழக இடங்கள் குறைவு, அதனால் அனுமதிக்கு அது பொருந்தும். ஓர் ஆயுளுக்குப் பொருந்துமா? நண்பன் வீடு வாங்கினால் நான் வாடகைக்கு இருக்கும் அறை சுருங்குவதில்லை.

நியூஜேர்சியிலும் இது பேசப்பட்டது. 2015இல் வெஸ்ட் வின்ட்சர்–பிளேன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி டேவிட் அடர்ஹோல்ட், மாணவர் மீதான அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். உயர்பள்ளியில் இடைத்தேர்வும் இறுதித்தேர்வும் கைவிடப்பட்டன. ஆசியப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். கல்வியைத் தவிர வேறு முதல் இல்லாமல் வந்தவர்களின் பயம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பள்ளித் தேர்வு ஒருநாள் முடிந்துவிடும். ஒப்பீடு அதற்குப் பிறகுதான், வேலை, விசா, கல்யாணம் என்று உக்கிரமாகிறது.

என் தொழிலில் இரு நிறுவனங்களின் இலாபத்தை ஒப்பிடுமுன் ஒரே காலப்பகுதியா, ஒரே கணக்கீட்டு முறையா என்று கேட்போம். ஐந்தொகையில் இவ்வாண்டுத் தொகைக்குப் பக்கத்தில் நிற்பதும் அதே நிறுவனத்தின் சென்ற ஆண்டுத் தொகைதான், அயல் நிறுவனத்தினது அல்ல. நான் அகதியாக இங்கு வந்தபோது என் வயதுக்காரர் சிலர் ரொறன்ரோவில் இரண்டாவது வீட்டுக்கு முற்பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களது பெற்றோர் 1980களிலேயே வந்துவிட்டவர்கள். ஆரம்ப மீதியே வேறு. நான் இரவு வேலை செய்து, பகலில் இந்நாட்டுக் கணக்கியல் பரீட்சைக்குப் படித்தேன். அப்போது ஒரு கொப்பியில் மாதாமாதம் எழுதத் தொடங்கினேன்: கடன் எவ்வளவு குறைந்தது, எத்தனை பாடம் முடிந்தது, ஊருக்கு எவ்வளவு அனுப்பினேன். பொறாமை அதோடு ஒழிந்துவிடவில்லை. யாராவது வீடு குடிபூரலுக்கு அழைத்தால் நெஞ்சு ஒருமுறை இழுக்கத்தான் செய்யும். போய், சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வருவேன். மாதக் கடைசியில் கொப்பியில் என் மூன்று எண்களையும் எழுதுவேன்.