அளவும் அளப்பவனும்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் விடியற்காலையில் இரு சாராரைக் காணலாம். கடலுக்குச் செல்லும் முன் நீரையும் காற்றையும் பார்த்து நிற்பவர் ஒரு சாரார். எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் நெடுந்தொலைவு ஓட்டம் பயில்பவர் மற்றொரு சாரார். சென்னை மாரத்தான் சனவரித் திங்களில் வருவதால் ஐப்பசி தொட்டே ஓடுவோர் தொகை பெருகிவிடும். ஏறக்குறைய ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கடிகாரம் உண்டு. நேரத்தோடு ஓடிய தொலைவையும் நாடித்துடிப்பையும் முன்னாளிரவு உறங்கிய உறக்கத்தையும் அது கணக்கிட்டுக் காட்டும்.

நம் உறவினர் இல்லத்துப் பிள்ளை ஒருவன் மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்கினான். முன்பு 42.195 கிலோமீட்டரை முழுமையாக ஓடி முடித்தவன். ஆறாம் வாரத்தில் குதிகால் தசைநாண் நொந்து, படியிறங்கவும் இயலாமற் போயிற்று. நம்மைக் காண வந்தவன், "பாட்டி, உடல் ஆயத்தமாக இருக்கிறது என்றுதானே கடிகாரம் நாள்தோறும் காட்டியது? அதை நம்பியது தவறா?" என்று கேட்டான். சொந்த உடலை விட்டுக் கருவியை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று உடனே சொல்லிவிட்டோம். அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, அவ்விடை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாயடைக்கச் சொல்லும் விடையாகவே தோன்றியது.

உடலின் உணர்வு மெய், கருவியின் எண் பொய் என்று கூற நம் சமயத்தில் இடமில்லை. மதிஞானமும் சுருதஞானமும் பரோட்சம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிபு. காலில் வலியில்லை என்று நாம் உணர்வதும் பொறிவழி வந்த அறிவேயன்றி ஆன்மா நேரே கண்ட அறிவன்று. அப்பிள்ளைக்கு முதல் ஐந்து வாரமும் வலியே தோன்றவில்லை. அவன் உடலும் அவனிடம் உண்மையை மறைத்தது என்றுதானே சொல்ல வேண்டும்?

கடிகாரம் பச்சை ஒளியைத் தோலினுள் செலுத்துகிறது. குருதி அவ்வொளியை உறிஞ்சும் ஏற்றத்தாழ்விலிருந்து நாடியைக் கணிக்கிறது. இடைவெளிக்குப் பின் ஓடுபவனுக்கு நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேறப் பல மாதங்கள் ஆகும். நாடியைக் கண்ட கருவி நாடியைச் சொன்னது. குதிகாலை அது காணவே இல்லை. ஒரு நயத்தை முழுப்பொருளாகக் கொள்வது துர்நயம் என்று பாடசாலையில் படித்தவன்தான் அவன். மணிக்கட்டில் கட்டிய பொருளுக்கு அப்பாடத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அளப்பது நமக்குப் புதிதன்று. சாமாயிகத்துக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், என்று கொள்கிறோம். திசைவிரதம் ஏற்கும் இல்லறத்தான் இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று தானே வரையறுத்துக் கொள்கிறான். ஒன்று குறையாமல் காக்கும் அளவு. மற்றொன்று மிகாமல் காக்கும் அளவு. இரண்டையும் ஏற்பவன் அறிந்தே ஏற்கிறான். நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்னும் அளவோ, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர் ஆய்ந்து விதித்ததன்று. அவ்வெண்ணைக் குறைவின்றிக் காக்கும் நம்மவர் சிலர், சாமாயிகத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொள்வதையும் கண்டிருக்கிறோம்.

அப்பிள்ளைக்கு இலக்கு விதித்தது வணிகரும் அல்லர். மூன்றாண்டுக்கு முன் ஓடிய அவனேதான். பழைய ஓட்டங்களையெல்லாம் கருவி மறவாமல் வைத்திருந்து, இன்றைய ஓட்டத்தின் அருகில் நிறுத்திக் காட்டிற்று. மனிதன் மறந்து ஆறுவதை அது மறக்கவிடவில்லை. இழந்த இனியதை எண்ணி ஏங்குவதும், வலியையே நினைந்திருப்பதும், வரப்போகும் பயனில் வேட்கை கொள்வதும் ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகையுள் மூன்று. ஒரே ஓட்டத்தில் மூன்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஓட்டத்தையே குறை கூறவில்லை. தனக்கு ஈடாகத் தன் பழைய உடலை நிறுத்தி அதனோடு போட்டியிட்டதில்தான் மானம் என்னும் கஷாயம் புகுந்தது.

மற்றொன்றும் உண்டு. மணிக்கட்டைப் பார்த்து மணலில் ஓடுபவன் காலடியில் நண்டு கிடப்பதை அறியான். ஈரியா சமிதி துறவியர்க்கு உரியதாயினும், நிலம் நோக்கி நடத்தல் நமக்கும் ஆகாத ஒழுக்கமன்று. இதே கரையில், 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கின்றனர். அதுவும் நெடுந்தொலைவுப் பயிற்சியே. ஆனால் கண் முழுவதும் மணலில் இருக்கும்.

குப்பத்து முதியவர் ஒருவரிடம் ஒருநாள் பேசினோம். அவர்தம் தொழில் நம் அறத்துக்கு ஒவ்வாதது. அதனை அவரும் அறிவார், நாமும் அறிவோம். கைப்பேசியில் காற்றின் செய்தி வருகிறதே, பின் ஏன் கரையில் நின்று பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். "அதையும் பார்ப்பேன் அம்மா. போகிறவன் நான்தானே" என்றார்.

அப்பிள்ளை இப்போது மருத்துவர் இசைவுடன் மீண்டும் ஓடுகிறான். வரும் பொங்கல் வரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை என்று நம் முன்னிலையில் வரையறுத்துக் கொண்டான். கடிகாரத்தைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் கிலோமீட்டர் படகுகள் நிற்கும் மணற்பரப்புக்குச் சற்று முன்னே முடிகிறதாம். அங்கிருந்து நடந்தே வீடு திரும்புகிறான். இலக்கு எட்டப்படவில்லை என்று கடிகாரம் நாள்தோறும் அறிவிக்கிறதாம்.