இரகசியமும் மௌனமும்

பிறர் துன்பத்தைத் தொழில் காரணமாக அறிய நேர்ந்த ஒருவன் அந்த அறிவை என்ன செய்வது? வைத்தியனுக்கும் வழக்கறிஞனுக்கும் இக்கேள்வி புதியதன்று. அவர்களுக்கென நெடுங்காலமாக வகுக்கப்பட்ட தொழிலொழுக்கம் உண்டு. ஆனால் பத்தொன்பது வயது மாணவனொருவன், வங்கியில் சில மாதம் பயிலுநனாக இருந்துவிட்டு இதே கேள்வியோடு எம்மிடம் வரும்போது, தொழிலொழுக்கம் என்ற ஒரு சொல்லால் அவனுக்கு விடை கூறிவிட முடிவதில்லை.

சண்டிலிப்பாயைச் சேர்ந்த அம்மாணவன் வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன். பெறுபேறு வரும்வரையுள்ள இடைக்காலத்தில் இத்தகைய பயிற்சிக்குச் செல்வது எமது மாணவரிடையே வழக்கமாகிவிட்டது. சிறு கொடுப்பனவு, கழுத்துப்பட்டி, முடிவில் ஒரு சான்றிதழ். பெற்றோருக்கோ பாதி உத்தியோகம் கிடைத்துவிட்டது போன்ற மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்தவரின் மனத்தில் மேசையும் பேனாவும் பெற்றிருக்கும் இடம் யாவரும் அறிந்ததே; மண்வெட்டி பிடித்துக் கை காய்த்த தந்தைக்கே அந்த ஆசை மிகுதி. அதற்காக அவரைப் பழிப்பதற்கில்லை.

வங்கிப் பயிற்சி என்றதும் உலகப் பத்திரிகைகள் வேறொன்றை நினைவூட்டும். 2013 ஆகஸ்டில், இலண்டனில் முதலீட்டு வங்கியொன்றிலே கோடைகாலப் பயிற்சி பெற்றுவந்த 21 வயது ஜெர்மன் மாணவன், பயிற்சி முடிவதற்குச் சில நாள் இருக்கையில் தன் இருப்பிடத்தில் இறந்து கிடந்தான். வலிப்பு நோயே காரணமென மரண விசாரணை முடிவு செய்தது. களைப்பு அதனைத் தூண்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் கூறியது. 2015இல் வேறொரு பெருவங்கி, பயிலுநர் நள்ளிரவுக்கு மேல் அலுவலகத்தில் தங்கலாகாது, காலை ஏழு மணிக்கு முன் திரும்பலாகாது என விதித்தது. பதினேழு மணி நேரம் வேலை வாங்க இடம்வைத்துவிட்டு அதனைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொள்ளும் உலகம் அது! எமது மாணவனுக்கு இத்தகைய வருத்தம் எதுவுமில்லை. மாலையில் பஸ் ஏறி, இருட்டுமுன் வீடு வந்துவிடுவான். அவனைக் களைக்கச் செய்தது வேறொன்று.

அவன் நகை அடைவுப் பகுதியில் விடப்பட்டான். தராசு, உரைகல், பவுண் கணக்கு, அடைவுச் சீட்டு ஆகியவையே அங்கு அவன் கற்ற பாடங்கள். வந்த முதல் நாளே, இங்கு கண்டதை வெளியில் பேசலாகாது என்று கூறிக் கையொப்பம் வாங்கினர். சில வாரங்களின் பின், தவணை தாண்டிய நகைகள் ஏலத்தில் விற்கப்படும் என்ற அறிவித்தல்களை உறையிலிட்டு முகவரி எழுதும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அவ்வுறைகளுள் ஒன்றில் அவனது ஒழுங்கையிலேயே குடியிருக்கும் ஒரு பெண்ணின் பெயரை அவன் எழுத வேண்டியிருந்தது. அடைவில் இருந்தது தாலிக்கொடி. அவள் வெங்காயம் நட்டுச் சீவிப்பவள். சிறு வயதில் அவனைத் தூக்கித் திரிந்தவள்.

“சேர், கடிதம் போய்ச்சேர மூண்டு நாலு நாள் ஆகும். அதுக்குள்ள அந்த அக்காவை வழியில கண்டால் நான் எப்பிடி முகம் குடுக்கிறது?” என்று கேட்டான்.

இதனை இளமையின் மென்மை என்று தள்ளிவிடலாம். போகப்போகப் பழகிவிடும் என்று வங்கியில் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் அவனுக்கு ஆறுதல் கூறினாராம். பழகிவிடும் என்பது உண்மையே. பழகிவிடுவது நல்லதா என்பதே நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

முதலில், இரகசியம் காப்பதை இழிவாகப் பேசுவதற்கில்லை. எமது சமுதாயத்தில் நகையை அடைவு வைப்பது ஒரு தோல்வியாகவே கருதப்படுகிறது. அயலவர் கண்ணில் படாதிருப்பதற்காக, வீட்டருகே உள்ள வங்கியை விட்டு இரண்டு பஸ் மாறித் தூரத்து வங்கிக்குப் போகும் பெண்களை நாம் அறிவோம். மகளின் கலியாணப் பேச்சு நடக்கும் வேளையில் ஒரு வார்த்தை வெளியே கசிந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் நட்டம் பவுண் கணக்கில் அடங்காது. ஆதலால் அப்பையன் வாய் திறக்கலாகாது. அவளது பெயர் அவளுக்கே உரியது.

இரண்டாவதாக, முகம் பாராமல் கணக்குப் பார்க்கும் வங்கியின் தன்மையையும் நாம் அவசரப்பட்டுக் கண்டிக்கலாகாது. முகம் பார்த்துக் கொடுத்த கடனை இம்மண் நெடுங்காலம் கண்டிருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே ஒற்றி பற்றிய விதிகள் உண்டு. வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனையே கடன் கொடுத்தவன் அனுபவிக்கும் ஏற்பாடு அது. ஊர்க் கடன்காரன் முகம் பார்த்தான் என்றால் அம்முகத்தில் எதைப் பார்த்தான்? சாதியைப் பார்த்தான், காணியைப் பார்த்தான், பணிவைப் பார்த்தான். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னரும், எமது அயலூரான சங்கானையிலே ஒரு தேநீர்க் கடையில் சமமாக அமர்ந்து குடிக்கும் உரிமைக்காக அறுபதுகளின் பிற்பகுதியில் மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்தச் சமுதாயத்தில், வரிசையில் முன்னே நின்றவனை முன்னே அழைக்கும் ஒரு கருமபீடம் சிறிய காரியமன்று. அக்கருமபீடமும் தானாக வந்ததன்று. பெருந்தோட்டங்களையும் ஏற்றுமதி வணிகத்தையும் மட்டுமே கண்டுகொண்ட அந்நிய வங்கிகளுக்கு மாற்றுத் தேவை என்ற கோரிக்கையின் பயனாக, பொச்கானவாலா தலைமையிலான 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு வந்தது. 1939இல் இலங்கை வங்கி வந்தது. 1961இல் அது அரசுடைமையாயிற்று. அதே ஆண்டில் மக்கள் வங்கியும் பிறந்தது. முகம் பார்த்த கொடுமையிலிருந்து எம்மை விடுவித்ததில் முகம் பாராத கணக்குக்கும் ஒரு பங்குண்டு.

அவ்வாறாயின் மாணவனின் நெஞ்சில் உறுத்துவது எது? கருணையுள்ள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு தாலிக்கொடியை ஒரு மாதம் தாமதித்து ஏலத்துக்கு அனுப்பலாம். அது அவரது நல்ல மனத்தைக் காட்டும். ஆனால் அறிமுகமானவளுக்குக் கிடைக்கும் அச்சலுகை அறிமுகமற்றவளுக்குக் கிடையாதே! மீண்டும் முகம் பார்க்கும் பழைய முறைக்கே அது எம்மை இட்டுச் செல்லும்.

அம்மாணவனோடு மேலும் பேசியபோதுதான் வேறொரு வழி புலப்பட்டது. உறைகளில் முகவரி எழுதிய அவனுக்குப் பெயர்கள் மட்டும் தெரியவரவில்லை. ஒரே காலப்பகுதியில் அடைவு வைத்தவர்கள் பலர். விதை வெங்காயத்துக்கும் பசளைக்கும் பணம் தேவைப்படும் நாட்கள் அவை. மீட்க முடியாமற் போனதும் ஒரே காலத்தில்தான்; அறுவடை சந்தைக்கு வந்து விலை சரிந்த பருவம் அது. இன்னும் சிலர், வீடு தேடிவந்து குழுவாகக் கடன் கொடுத்த நுண்கடன் கம்பனிகளின் வாரத் தவணையைக் கட்டுவதற்காகவே நகையை வங்கிக்குக் கொண்டுவந்திருந்தனர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

அக்கம்பனிகளின் கணக்கை மாணவர் ஒவ்வொருவரும் தாமே செய்து பார்ப்பது நன்று. 50,000 ரூபா கடன். ஆண்டு வட்டி 24 வீதம். பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000 என்று முதலிலேயே கூட்டி, 62,000 ரூபாவைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் 5,167 ரூபா வாங்குகிறார்கள். பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் முதல் மாதமே அவள் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். மாதந்தோறும் அவளிடம் எஞ்சும் கடன் குறைந்துகொண்டே போகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால், அவள் கையில் இருந்தது ஏறக்குறையப் பாதித் தொகையே. வட்டியோ முழுத் தொகைக்கும் வாங்கப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணித்தால் அது 40 வீதத்தைத் தாண்டிவிடும். இருபத்துநான்கு என்று சொல்லி நாற்பதுக்கு மேல் வாங்குவதற்குப் பொய் ஒன்றும் பேச வேண்டியதில்லை. கணக்குத் தெரியாதவளிடம் கணக்கை விளக்காமல் இருந்தாற் போதும்.

இந்த ஒழுங்கு யாருடைய இரகசியம்? ஒரு பெண்ணின் பெயரை மறைப்பது அவளைக் காக்கும். ஆயிரம் பெண்களின் கதை ஒன்றே என்பதை மறைப்பது யாரைக் காக்கும்? ஒவ்வொருத்தியும் தன் கைராசியை நொந்து, தன் கெட்டித்தனக் குறைவை நொந்து, தனியே அழுகிறாள். வெட்கம் அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவைக்கிறது. கடன் கொடுத்தவனுக்கு இதைவிட மலிவான காவற்காரன் கிடைக்கமாட்டான்.

இந்நாட்டிலேயே அவ்வெட்கம் உடைந்ததற்குச் சான்று உண்டு. நுண்கடனில் சிக்கிய பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீதிக்கு வந்த பின்னரே, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் 2018இல் அறிவித்தது. 2021 மார்ச்சில் பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இதே கோரிக்கையோடு வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். மொழி வேறு, ஊர் வேறு, தவணைப் புத்தகம் ஒன்று. தத்தம் கடனைத் தாமே பகிரங்கமாகச் சொன்னவர்கள் அவர்கள்; வேறெவரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் கூறியது இதுதான்: அந்த அக்காவைக் கண்டால் வழக்கம்போல் பேசு, அவள் சொல்லாததை நீ அறிந்ததாகக் காட்டாதே. பெயரும் தொகையும் உன்னோடு கிடக்கட்டும். ஆனால் கணக்கு உன்னுடையதன்று, அது பொதுவானது. அதைச் சொல்ல யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்து சான்றிதழும் பெற்றுவிட்டான். வங்கியில் வேலை கிடைத்தால் போவதாகவே சொல்கிறான். போகட்டும், நேர்மையானவர்கள் அங்கும் தேவை. இப்போது ஞாயிறு மாலைகளில் சகமாணவர் மூவரோடு ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு கரும்பலகையை வைத்துக்கொண்டு, எவர் பெயரையும் சொல்லாமல், ஐம்பதினாயிரம் ரூபாக் கணக்கை எழுதிக் காட்டுகிறான். முதல் இரண்டு வாரமும் பத்திரிகை படிக்க வந்த முதியவர்கள் மட்டுமே நிமிர்ந்து பார்த்தனர். மூன்றாம் வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். தவணைப் புத்தகத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, வாங்கின் இரு முனைகளிலும் தள்ளித் தள்ளி அமர்ந்திருந்தார்கள்.