தேய்மானம்

வங்கிக் குமாஸ்தாவுக்கு ஜெர்மன் கார் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் பரிகாசம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. என்னிடம் வருமுன் மூன்று பேரிடம் இருந்த வண்டி. புதிய சின்னக் கார் ஒன்றின் விலைகூட ஆகவில்லை. வருஷத்துக்கு 15 சதம் தேய்மானம் கழித்தால் 100 ரூபாய் 10 வருஷத்தில் ஏறக்குறைய 20 ஆகும், ஆனால் ஒருபோதும் சைபராகாது என்பது பேரேடு எழுதுகிற எனக்குத் தெரியும். தெரியாமல்போனது வேறொன்று: தேய்வது வண்டியின் விலைதான், உதிரிப் பாகங்களின் விலை தேய்வதில்லை.

இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. ரப்பர்ப் பைகளில் அடைத்த காற்றின் மேல் நிற்கிறது. வெயிலிலும் வயதிலும் ரப்பர் வெடிக்கிறது, காற்று கசிகிறது, கசிந்ததை ஈடுசெய்யக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி எரிந்துபோகிறது. கம்ப்ரஸரை மட்டும் மாற்றுகிறவன் காரியத்தை மாற்றுகிறான், காரணத்தை அல்ல. நான் இருமுறை அதைத்தான் செய்தேன். பிறகு வலப்பக்கத்துப் பையை மாற்றினேன். மூன்றே மாதத்தில் இடப்பக்கம் சரியத் தொடங்கியது. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்லவா?

சொகுசின் சுபாவமே இதுதான் என்று படுகிறது. 1955-இல் வந்த ஸித்ரோயன் டி.எஸ். காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகளும் எண்ணெயும் இருந்தன. 1965-இல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் ஸில்வர் ஷாடோ அம்முறையின் ஒரு பகுதியை லைசென்ஸ் பெற்று எடுத்துக்கொண்டது. அந்த உருண்டைக்குள்ளும் வாயுவையும் எண்ணெயையும் பிரிப்பது ஒரு சவ்வு. அதனூடே நைட்ரஜன் வருஷக்கணக்கில் கசிகிறது. சாலையின் மேடுபள்ளம் நமக்குத் தெரியாதிருக்க, நமக்காக வேறெதுவோ அதை உணர்ந்து தேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

பாகம் பாகமாக மாற்றியபின் இது அதே வண்டிதானா? தீஸியஸின் கப்பலைப்பற்றிப் புளூடார்க் எழுதியிருக்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா என்று மிலிந்தனிடம் நாகசேனர் கேட்டார். இவ்விசாரத்தில் எனக்கிருந்த சுவாரஸ்யத்தைப் போக்கியவர் ஒரு தரகர். "கம்ப்ரஸர் புதுசு சார், பில் இருக்கில்ல? அதைக் காட்டுங்க போதும். பையைப் பத்தி யாரு கேட்கப்போறா?"

பில் உண்மை, அதை மட்டும் காட்டுவது பொய். வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தோல் ஸீட்டைத் தடவிப் பார்த்தார். எஞ்சினை ஓட்டிவைத்தால் வண்டி நாலு மணிநேரம் நிமிர்ந்து நிற்கும். அவருக்கு அரைமணி போதும். கவிதையில் அனுபவ நேர்மை இல்லை என்று இந்தப் பக்கங்களில் பலரைக் கண்டித்திருக்கிறேன். அந்த அரைமணியில் அது ஞாபகம் வரவில்லை. எனக்கு விற்றவரும் மாலையில்தான் வரச்சொன்னார் என்பதுதான் ஞாபகம் வந்தது.

"நாளைக் காலை ஆறு மணிக்கு வாங்க சார், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க" என்றேன். வந்தார். மண்டியிட்டதுபோல் கிடந்த வண்டியைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது நேர்மையா, பழைய கோபமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். மறைத்து விற்றால் நஷ்டம் கைமாறுகிறதே தவிர, கழிவதில்லை. யாராவது ஒருவர் கணக்கில் அது தள்ளுபடியாகத்தான் வேண்டும்.