சலங்கைக்கு முன்

போடியில் மாசி கழிகிறது. மலையில் ஏலக்காய் எடுப்பு ஓய்கிறது. சாயங்காலம் இறங்கும் ஜீப்புகளில் ஆள் குறைவு.

கோயில் முன் மண்ணில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.

*

ஒயில்கும்மி பழகுகிறார்கள். இரண்டு வரிசை. முன்னால் பழையவர்கள், பின்னால் புதியவர்கள். பின்வரிசையின் கண்கள் முன்வரிசையின் குதிகாலில்.

"காலப் பாக்காத தாயி. பாட்டக் கேளு. காலு தானா வரும்," என்கிறார் வாத்தியார்.

சில நேரம் வருகிறது.

*

இனி அரங்கேற்றம். என் மடியில் ஒரு நோட்டு. மேளம். மைக். சேலை. மாலை. சாப்பாடு. நாள்.

நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

*

பங்குனி உத்திரம் பொருத்தம்தான். பாட்டு வள்ளி திருமணம். உத்திரம் முருகனின் கல்யாண நாள். ஆனால் அன்று பம்பைக்காரர் கிடைக்கமாட்டார். தெருவெல்லாம் காவடி. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் காவடி.

உத்திரம் கழிந்து வரும் சனிக்கிழமை என்கிறார் ஒருவர். மறுநாள் ஞாயிறு. பெரும்பாலோர் மலைக்குப் போகவேண்டியதில்லை.

யாரும் மறுக்கவில்லை. பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

*

விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தாண்டினால் இடுக்கி.

திரும்பி வந்தவர்கள் முகம் கழுவி, டீ குடித்து, களத்துக்கு வருகிறார்கள். ஏலச்செடியில் காய் தலையில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. அதனால் பகல் முழுக்கக் குனிவு.

கும்மியிலும் குனிவு உண்டு. இடுப்பு ஒன்றுதான். இந்தக் குனிவில் யாரோ சிரிக்கிறார்கள்.

*

சிலருக்கு வேலை ஊரிலேயே, ஏலக்காய்க் கடையில். 8 மில்லி, 7 மில்லி என்று சல்லடைகள். கழிவு பொறுக்கித் தரம் பிரித்த விரல்கள்.

அவர்கள் கைகொட்டும்போது மணக்கிறது.

*

எங்கோ படித்தது. அமெரிக்காவில் சதுர நடனம் என்று ஒன்று. நான்கு ஜோடி, எட்டுப் பேர், ஒரு சதுரம். ஒருவர் மைக்கில் அழைக்கிறார். அடுத்த அசைவு என்ன என்பது ஆடுகிறவர்களுக்கு அந்த நொடி வரை தெரியாது. அழைப்புகள் உலகம் முழுதும் ஆங்கிலத்தில். 1974 இல் அழைப்பாளர்கள் கூடிச் சங்கம் வைத்து அவற்றை ஒழுங்குபடுத்திவிட்டார்கள். எந்த ஊர்க் குழுவில் போய் நின்றாலும் ஆடலாம்.

பழகி முடித்த புதியவர்களுக்குக் குழுவே விருந்து வைக்கிறது.

இங்கே வாத்தியாருக்கு வாத்தியார் அடி மாறுகிறது. வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டால் முதலிலிருந்து பழக வேண்டும். பழகிக்கொள்கிறார்கள்.

*

போடி ஜமீனை ஆண்ட ராஜகம்பளத்தாருக்கு வேறு ஆட்டம், தேவராட்டம். அதில் பாட்டு இல்லை. தேவதுந்துபி மேளத்தின் அடி மட்டும். முன்னால் நிற்பவர் ஆடுவதைப் பின்னால் இருப்பவர்கள் வாங்கி ஆடுகிறார்கள். சிறுபிள்ளைகள் வரிசையின் வாலில் சேர்ந்துகொள்கிறார்கள்.

எந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஆட்டக்காரன்?

கேள்வி வருகிறது. இருக்கிறது. மேளம் தொடங்குகிறது.

*

சலங்கைகளைத் துணியில் கொட்டியிருக்கிறார்கள். பழைய செட்டு. தோல்வாரில் வரிசை வரிசையாக மணி. வாரின் ஓரம் வியர்வை பட்டுக் கறுத்திருக்கிறது. கயிறு மட்டும் புதிது.

ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே ஆட்டி, வைக்கிறோம். ஒரு மணியில் சத்தம் இல்லை. வாய் பிளந்து உள்ளிருந்த குண்டு விழுந்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா என்கிறாள் சின்னவள். பிடுங்கினால் பக்கத்து மணி ஆடி உரசும் என்கிறார் வாத்தியார். இருக்கட்டும்.

யாருக்கு அந்தச் சலங்கை என்று குறித்துவைக்கவில்லை.

*

வள்ளி மலைச்சரிவில் தினைப்புனம் காத்தவள். முருகன் வேடனாக வந்தான். வேங்கையாக நின்றான். கிழவனாக நடுங்கினான். பாட்டில் ஒவ்வொரு வேடத்துக்கும் அடி மாறுகிறது.

கிழவன் வரும் இடத்தில் தாளம் இறங்குகிறது. புதியவர்கள் திணறுவது அங்கேதான். வேகமாக ஆட வந்துவிட்டது. மெதுவாக ஆட இன்னும் வரவில்லை.

*

ஒயில் முன்பு ஆண்கள் ஆட்டம். வள்ளி ஒயில்கும்மியில் பெண்களைப் பழக்கியவர் கோவைப் பக்கத்துப் பத்ரப்பன். 2024 இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

இங்கே இப்போது இரண்டு வரிசையிலும் பெண்களே அதிகம். பையன்கள் ஓரமாக, போனைப் பைக்குள் வைத்துவிட்டு.

*

ஃப்ளெக்ஸ் வேண்டும் என்கிறார்கள். ஆடுகிறவர்கள் எல்லார் படமும். நடுவில் பெரியவர்கள் படம். எந்தப் பெரியவர், எவ்வளவு பெரிதாக.

பேச்சு நீள்கிறது. டீ ஆறுகிறது.

எனக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆட்டத்துக்குக் கைக்குட்டை எடுக்கலாம். சொல்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். தலையாட்டினால் சம்மதமா, தெரியவில்லை.

*

கைக்குட்டை. மஞ்சளா சிவப்பா என்று ஒரு மாலை போகிறது. மஞ்சள்.

துணிக்கடைக்காரர் ஒரே பீஸாகக் கிழித்துத் தருகிறார். ஓரம் அடிக்க வேண்டும். வரிசையில் ஒருத்திக்குத் தையல் தெரியும். மிஷினில் துணி ஓடும் சத்தமும் தாளம்போலவே கேட்கிறது. அவளுக்கும் கேட்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

*

சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வர வேண்டும். இரவு ரயிலேறினால் காலையில் போடி. வாரம் மூன்று நாள்தான்.

2010 கடைசியில் நின்ற ரயில். அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்பியது. அந்த இடைவெளியில் பிறந்த ஒருத்தி பின்வரிசையில் ஆடுகிறாள்.

*

இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. 2000 ஆம் ஆண்டின் விதி. முன்னெல்லாம் விடிய விடிய ஆடியதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கதை முழுக்கப் பாடி, வள்ளி கழுத்தில் தாலி ஏறும்போது கிழக்கு வெளுக்கும்.

இப்போது கதையைச் சுருக்க வேண்டும். எதை விடுவது? வாத்தியார் கண்ணை மூடி, வாய்க்குள் பாடிப் பார்க்கிறார். வேடன் இருக்கட்டும். கிழவனும் இருக்கட்டும். மாலை மரியாதையைச் சுருக்குங்கள் என்கிறார்.

நோட்டில் வாழ்த்துரைகளை அடிக்கிறேன். ஒன்று மிஞ்சுகிறது. அதை அடிக்க முடியாது. பேசுகிறவர் மைக் செட்டுக்குப் பணம் தருகிறார்.

*

சாப்பாடு. சர்க்கரைப் பொங்கல், தக்காளி சாதம், சுண்டல்.

பொங்கலுக்கு ஏலக்காய். வெடித்த காய்க்கு விலை குறைவு. தட்டிப் போடத்தானே, அதுவே போதும் என்கிறாள் கடையில் தரம் பிரிப்பவள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு காய் காட்டுகிறாள். வாய் திறந்து, உள்ளே கறுத்த அரிசி.

ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன். முதலில் காரம். பிறகு குளிர்.

*

மின்சாரம் போகிறது. பாட்டு நிற்கவில்லை.

இருட்டில் மண்ணில் விழும் கால்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் யாரும் காலைப் பார்க்கவில்லை. மேற்கே மலை இருக்கிற இடத்தில் ஒரு வண்டியின் வெளிச்சம். வளைவில் மறைந்து, அடுத்த வளைவில் தெரிகிறது.

விளக்கு வருகிறது. சிலர் வரிசை மாறி நிற்கிறார்கள். சிரிப்பு.

*

பின்வரிசையில் ஒருத்தி எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறாள். பக்கத்திலிருப்பவள் தோளைத் தொடவில்லை. தன் கைக்குட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வீசுகிறாள். அவள் பார்க்கிறாள். திரும்புகிறாள். அதற்குள் நாலு அடி போயிருக்கிறது. ஐந்தாவதில் சேர்ந்துகொள்கிறாள்.

வாத்தியார் பார்த்தாரா என்று பார்க்கிறேன். பாடிக்கொண்டிருக்கிறார்.

*

வாத்தியாருக்குத் தட்டில் என்னென்ன. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். வேட்டி, துண்டு. தட்சிணை. புதியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாத்தியார் கையிலிருந்து சலங்கை வாங்கிக் கண்ணில் ஒற்ற வேண்டும்.

அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிறார் மைக் செட்டுக்காரர். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

*

தையல்காரி ஊக்கு கேட்கிறாள். ஒருவர் பந்தல் வேண்டாம் என்கிறார். இன்னொருவர் மழை வந்தால் என்கிறார். பங்குனியில் என்ன மழை. வானத்தைப் பார்க்கிறோம். மலைமேல் ஒரு மேகம். அது தினமும் இருப்பதுதான்.

பந்தலுக்கு எதிரே கோடு போடவில்லை.

*

நோட்டில் இப்போது இருப்பது:

சனிக்கிழமை. ஆறு மணிக்குச் சலங்கை பூஜை, ஆறரைக்கு ஆட்டம். மைக் பத்து வரை. பம்பைக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அரிசி வர வேண்டும். ஃப்ளெக்ஸ் இல்லை. சாப்பாடு, வருகிற எல்லாருக்கும்.