நிகர நேரம் எட்டு மணி

உங்கள் கையில் எட்டு மணி நேரம் இருக்கிறது. ஊர் துபாய். மறுபடி அந்தப் பக்கம் போவீர்களா என்பது நிச்சயமில்லை. என்ன பார்ப்பீர்கள்?

2023 நவம்பரில் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. சென்னையிலிருந்து லண்டன் போகிற டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் துபாயில் இறக்கிவிடுகிறார்கள். அடுத்த விமானம் நள்ளிரவு தாண்டி இரண்டரைக்கு. மொத்தம் பதிமூன்றரை மணி நேரம். நான் பி.காம். படித்தவன். மொத்தம் வேறு, நிகரம் வேறு என்று தெரியும். இமிகிரேஷன் வரிசைக்கு ஒன்றரை, திரும்பி வந்து செக்யூரிட்டிக்கு மூன்று, மெட்ரோவில் போக வர ஒன்று என்று கழித்தால் நிகரம் எட்டு.

விசா பெரிய விஷயமில்லை. 48 மணி நேர இடைப்பயண விசாவுக்குக் கட்டணம் கிடையாது என்று 2018-இல் அறிவித்துவிட்டார்கள். விமான நிறுவனம் மூலமாக முன்கூட்டியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கி மாறுகிற பயணியை வெளியே வரவழைத்து நாலு காசு செலவழிக்க வைப்பது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நண்பர்கள் ஆளாளுக்குப் பட்டியல் கொடுத்தார்கள். புர்ஜ் கலீஃபாவில் 124-வது மாடி, துபாய் மாலில் மீன் தொட்டி, தங்கக் கடைத்தெரு, பாலைவன மணலில் ஜீப் சவாரி. ஒருவர் மணிவாரியாக அட்டவணையே போட்டு அனுப்பினார். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். பெரிய மனசு.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று கப்பலூரிலிருந்து வந்தது.

கப்பலூரை உங்களில் பலர் தாண்டியிருப்பீர்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழி. நின்றிருக்க மாட்டீர்கள். நின்றிருந்தாலும் டோல்கேட்டில் நின்றிருப்பீர்கள். கடல் இல்லாத இடத்தில் கப்பல் பெயரில் ஓர் ஊர். தியாகராசர் மில், சிட்கோ தொழிற்பேட்டை, லாரிகள், சீமைக் கருவேலம். சொந்த ஊர் திருமங்கலம் என்பதால் போகிற வருகிற போதெல்லாம் தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அக்காவின் இட்லிக் கடையில் நிற்பது என் வழக்கம். அவர் மகன் பேட்டையில் ஒரு பட்டறையில் 11,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தவன், 2021-இல் துபாய் போய்விட்டான்.

"தம்பி, நீங்க துபாய் வழியா போறீங்களாமே. பையனுக்கு ஒரு சின்னப் பை குடுத்துவிட்டா கொண்டுபோய்ச் சேத்துருவீகளா?"

சின்னப் பை என்றால் நாலு கிலோ. பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கறி மசாலா, முறுக்கு, இரண்டு கைலி. வாங்கும்போதே எனக்கு ஒன்று உறுத்தியது. "அக்கா, கறி மசாலாவில கசகசா போட்டிருக்கீகளா?"

"கசகசா போடாம மசாலாவா?"

ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. அபினி எடுக்கிற செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மளிகைக்கடைச் சாமான், அங்கே ஜெயில். இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது? சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கிவிட்டது. நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் கசகசா இல்லாமல் புதிதாக அரைத்த பொடியைக் கொடுத்து, "நான் உங்க கண்ணு முன்னாலயே கட்டுறேன்" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக் கட்டினார். அடுத்தவர் பையை வாங்கிக்கொண்டு எல்லை தாண்டுவதில் இருக்கிற நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதை நான் கேள்வி கேட்டது சரிதான். இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

பையன் தங்கியிருந்தது சோனாப்பூரில். தங்க ஊர் என்று அர்த்தம். முஹைஸ்னா பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கும் இடத்துக்கு, அங்கே போன இந்திக்காரர்கள் யாரோ கேலியாக வைத்த பெயராக இருக்க வேண்டும். மெட்ரோ அங்கே போவதில்லை. டாக்ஸியில் போய், பையைக் கொடுத்து, பேசிவிட்டுத் திரும்பினால் மூன்று மணி நேரம் போய்விடும். புர்ஜ் கலீஃபா அடிபடும்.

பி.காம். இரண்டாம் வருடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட அடுத்த நல்ல விஷயம்தான் அதன் உண்மையான விலை. அந்தக் கணக்கில் நாலு கிலோ பையின் விலை உலகத்திலேயே உயரமான கட்டடம். 828 மீட்டர். நான் பையைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. எல்லாரும் பளபளப்பைப் பார்க்கப் போகிறார்கள், நான் அதைக் கட்டியவர்கள் இருக்கிற இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று. இந்தப் பத்திக்கு ஒரு விஷயமும் ஆயிற்று.

அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது. செய்தி அனுப்பலாம், கால் போகாது. விமான நிலையத்திலிருந்து குரல் செய்தி அனுப்பினேன், சோனாப்பூர் வருகிறேன் என்று. உடனே பதில் வந்தது.

"அண்ணே, இங்க வராதீங்க. நான் தேராவுக்கு வர்றேன். நீங்க அப்ரா துறைகிட்ட நில்லுங்க."

நான் விடவில்லை. எனக்குச் சிரமமில்லை, டாக்ஸி பிடித்து வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "இங்க வந்து என்னத்தண்ணே பாக்கப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேராவுக்கே போனேன்.

வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், சென்ட். இருபத்தாறு வயதுப் பையன் பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்திருந்தான். பையை வாங்கியதும் பிரிக்கவில்லை, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தான். "அம்மா மசாலா." கசகசா கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் அவன்தான் எனக்குத் துபாய் காட்டினான். ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ராவில் ஓடையைத் தாண்டினோம். மோட்டார் வைத்த மரப்படகு, இரண்டு பக்கமும் ஆட்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஐந்து நிமிடம்தான். முத்துக்குளித்துப் பிழைத்த ஊர் அந்த ஓடைக்கரைதான். அப்போது அங்கே செல்லுபடியானது நம் ரூபாய். 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. ரூபாயைக் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குள் கடத்துகிறார்கள், அந்நியச் செலாவணி கரைகிறது என்பது காரணம். 1966-இல் நாம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தோம், அவர்கள் ரூபாயை விட்டார்கள். அதே வருடம் துபாயில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோது பையன் நம்பவில்லை. "நம்ம காசா? இங்கயா?" என்று இரண்டு தடவை கேட்டான். 22 ரூபாய் சொச்சத்துக்கு ஒரு திர்ஹாம் என்று மாதாமாதம் கணக்குப் போட்டு அனுப்புகிறவன். எப்படி நம்புவான்?

அவனுக்குச் சம்பளம் 1,100 திர்ஹாம். ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பான். அம்மாவின் சங்கிலி அடகிலிருந்து மீண்டதே அந்த வருடம்தான். ஏசி குழாய் பொருத்துகிற வேலை. "ஏசி போடுறதுதாண்ணே வேலை. ஆனா ஏசி ஓட ஆரம்பிக்கிறப்ப நாங்க அங்க இருக்க மாட்டோம்." இதை அவன் வருத்தமாகச் சொல்லவில்லை, ஜோக்காகத்தான் சொன்னான். மெட்ரோவில் போகும்போது ஒரு கட்டடத்தைக் காட்டினான். "அதுல பதினாலாவது மாடி டக்ட் பூராம் நாங்கதான்." அதைச் சொன்ன குரலைக் கேட்டபோதுதான், சோனாப்பூருக்கு வராதே என்று ஏன் சொன்னான் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

மும்பை தாராவிக்குள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்களே, அதைப் பற்றி இதே பத்தியில் நான் ஒருமுறை காட்டமாக எழுதியிருக்கிறேன். இவன் அறையில் எத்தனை கட்டில், கழிவறைக்கு எத்தனை பேர் வரிசை என்று எண்ணிக்கொண்டு வர நினைத்த எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பளபளப்பைப் பார்க்கப் போவது சுற்றுலா என்றால் கஷ்டத்தைப் பார்க்கப் போவது மட்டும் வேறு என்ன? அவன் என்னைத் தன் விருந்தாளியாக வைத்துக்கொள்ள விரும்பினான். நான் அவனைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ளக் கிளம்பியிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. என் எட்டு மணி நேரத்துக்கு வாய்ப்புச் செலவு பார்த்த நான் அவன் கணக்கைப் பார்க்கவேயில்லை. அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. துணி துவைத்து, தூங்கி, அம்மாவோடு போட்டிமில் பேச வேண்டிய நாள். அந்த ஒரு நாளில் பாதியை ஒரு பைக்காக, எனக்காக, கொடுத்துக்கொண்டிருந்தான். உபகாரம் செய்தவன் யார், வாங்கிக்கொண்டவன் யார்? பற்று எது, வரவு எது என்று எனக்கே குழம்பிவிட்டது.

அதற்காக அவன் பெருமையைக் காட்டி அந்த ஊருக்கு நான் நற்சான்றிதழ் கொடுத்துவிடவும் முடியாது. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. விதி போட வேண்டிய அளவுக்கு வெயில் என்பதுதான் விஷயம். புர்ஜ் கலீஃபா வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேர் உழைத்தார்கள் என்கிறார்கள். கட்டி முடிக்கும்வரை அதற்குப் பெயர் புர்ஜ் துபாய். 2009 டிசம்பரில் கடன் நெருக்கடியில் துபாய் தவித்தபோது அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்தது. 2010 ஜனவரி 4-ஆம் தேதி திறப்பு விழாவில் அபுதாபி ஆட்சியாளரின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். கடன் கொடுத்தவர் பெயர் நின்றது. தூக்கிக் கட்டியவர்கள் பெயரை எந்த மாடியில் தேடுவது?

ஆறு மணி நீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அது இலவசம். மேலே ஏறுகிற டிக்கெட் அவனுடைய ஐந்து நாள் சம்பளம். நான் எடுக்கிறேன், ரெண்டு பேரும் போவோம் என்றேன்.

"வேணாம்ணே. மேல போனா பில்டிங் தெரியாதுல்ல? அம்மாவுக்கு பில்டிங்கோட சேத்து ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க."

இரண்டு வருடத்தில் அவன் அங்கே வந்தது அதுதான் இரண்டாவது தடவையாம். கோபுரம் முழுசாக விழ வேண்டும் என்று நான் தரையில் கிட்டத்தட்டப் படுத்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் எனக்காக நகர்ந்துகொண்டது. அவன் என்னை மெட்ரோவரை வந்து ஏற்றிவிட்டான். "அம்மா கேட்டா, ரூம் நல்லாருக்குன்னு சொல்லிருங்கண்ணே." நான் தலையை ஆட்டிவிட்டேன்.

இந்தத் தலையாட்டல்தான் லண்டன் முழுக்கக் கூடவே வந்தது. பார்க்காத அறையைப் பார்த்ததாகச் சொல்வது பொய். பார்க்கவில்லை என்று சொன்னால், கொண்டுபோன காரியத்தில் பாதியைச் செய்யவில்லை என்று ஆகும். ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கசகசா இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டவன் நான். அவர் மறைக்காமல் பதில் சொல்லி, கண்முன்னாலேயே பிரித்துக் கட்டியவர்.

டிசம்பரில் கப்பலூர் போனேன். இட்லி வைத்துக்கொண்டே கேட்டார். "ரூமெல்லாம் எப்படி தம்பி இருக்கு?"

"நான் ரூமுக்குப் போகலக்கா. வர வேணாம்னுட்டான். அவன்தான் எனக்கு ஊர் சுத்திக் காட்டினான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார் ஊற்றினார். பையன் அனுப்பியிருந்த படத்தைப் போனில் எடுத்துக் காட்டினார். நான் படுத்து எடுத்த படம்தான். இரண்டு விரலை வைத்து அதைப் பெரிதாக்கினார். கட்டடம் மொத்தமும் திரைக்கு வெளியே போய்விட்டது.

"கழுத்தெலும்பு தெரியுது பாருங்க," என்றார். அப்புறம், "அந்த மசாலா இந்நேரம் தீந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சவுக வேற யாரும் அந்தப் பக்கம் போறாகளா?"