வானொலியின் வினைத்தொடர்ச்சி: சிட்னி நிலையங்கள் எழுப்பும் ஒரு தத்துவக் கேள்வி

தன் உறுப்புகள் யாவும் ஒவ்வொன்றாக மாறிவிட்ட பின்னும் ஒரு பொருளை ‘அதுவே இது’ என்று சொல்வதற்கு எது ஆதாரம் என்னும் கேள்வி, இந்தியத் தத்துவ மரபுகள் அனைத்தும் நெடுங்காலம் வாதிட்ட கேள்வியாகும். அது பெரும்பாலும் உயிரைப் பற்றியே கேட்கப்பட்டது. ஆயினும் மனிதர் உருவாக்கி, விற்று, வாங்கி, பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்பதையும், அங்கே அது அறத்தின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது என்பதையும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து வணிக வானொலி நிலையங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஆஸ்திரேலிய அரசு 1924இல் வானொலி நிலையங்களை இரு வகுப்புகளாகப் பிரித்தது. நேயர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடப்பவை ‘ஏ’ வகுப்பு. விளம்பரத்தாலும் சொந்த முதலாலும் தம்மைத் தாமே நடத்திக்கொள்பவை ‘பி’ வகுப்பு. பின்னாளில் வணிக வானொலி என்று பெயர்பெற்றது இந்த இரண்டாம் வகுப்பே. ஆனால் அதன் தொடக்கக் கால உரிமங்களைப் பெற்றவர்களுள் வணிகர்களோடு சமய அமைப்புகளும் தொழிற்சங்கமும் இருந்தன. சிட்னித் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு 2கேஒய் நிலையத்தை 1925இல் தொடங்கியது. கத்தோலிக்கர் தொடங்கிய 2எஸ்எம் நிலையம் 1931இலும், புராட்டஸ்டன்ட் திருச்சபைகளின் மன்றம் தொடங்கிய 2சிஎச் நிலையம் 1932இலும் ஒலிக்கத் தொடங்கின. பெயரின் முன்னுள்ள ‘2’ நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைக் குறிக்கும் எண். அதைத் தொடரும் எழுத்துகள் நிலையத்தின் அடையாளம். இரண்டும் சேர்ந்ததே அழைப்புக்குறி எனப்படுவது.

இவற்றுள் இக்கேள்விக்கு மிக நெருங்கியது 2ஜிபி. 1926 ஆகஸ்ட் மாதம், துறைமுகத்தின் வடகரையிலுள்ள மோஸ்மன் பகுதியிலிருந்து அதன் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள், சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்கள். பின்னாளில் அச்சபையின் தலைவராக விளங்கியவரும் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவருமான ஜார்ஜ் அருண்டேல், அந்த ஆண்டுகளில் சிட்னியில் தங்கி நிலையம் உருவாகத் துணைநின்றார். ‘ஜிபி’ என்னும் எழுத்துகள் ஜியோர்தானோ புரூனோவைக் குறித்தன. பேரண்டத்துக்கு எல்லை இல்லை, உலகங்கள் எண்ணற்றவை என்று கூறிய அந்த இத்தாலியத் தத்துவ அறிஞர், சமய விசாரணைக்குப் பின் 1600இல் ரோமாபுரியில் உயிரோடு எரிக்கப்பட்டவர். அவரே பின்னர் அச்சபையின் அன்றைய தலைவராகிய அன்னி பெசன்ட் அம்மையாராகப் பிறந்தார் என்று பிரம்மஞானிகள் நம்பினார்கள். உடல் வேறு, காலம் வேறு, நாடு வேறு ஆனாலும் உயிர் ஒன்றே என்னும் மறுபிறவிக் கொள்கையின் முத்திரை, இவ்வாறு ஒரு வானொலி நிலையத்தின் பெயரிலேயே பதிந்தது.

அந்த நிலையம் பின்பு கண்ட மாற்றங்கள் பல. 1930களின் நடுப்பகுதியில் கட்டுப்பாடு சபையின் கையிலிருந்து வணிகக் குழுமத்திடம் சென்றது. 1938இல் அது மக்குவாரி வலையமைப்பின் தலைமை நிலையமாயிற்று. ஞானச் சொற்பொழிவுகள் ஒலித்த இடத்தில் நாடகங்களும் வினாடி வினாக்களும் வந்தன. 1956இல் தொடங்கிய தொலைக்காட்சி அவற்றைக் கவர்ந்துகொண்டது. நேயர் தொலைபேசியில் பேசுவதை அப்படியே ஒலிபரப்ப 1967இல் அனுமதி கிடைத்ததும் பேச்சே நிலையத்தின் உயிர்நாடியாகத் தொடங்கியது. 1978இல் நாடு முழுவதும் மத்திய அலை நிலையங்களுக்கிடையே இருந்த இடைவெளி 10 கிலோஹெர்ட்சிலிருந்து 9 ஆகக் குறைக்கப்பட்டபோது, 870இல் ஒலித்த நிலையம் 873க்கு நகர்ந்தது. 2019இல் அது நைன் நிறுவனத்தின் முழு உடைமையாயிற்று. உரிமையாளர், கட்டடம், கருவி, அலைவரிசை, குரல், பொருள் என்று எல்லாமே மாறின. மாறாமல் நின்றவை அழைப்புக்குறியின் அந்த மூன்று குறிகள் மட்டுமே.

அவ்வாறாயின் இது அதே நிலையந்தானா என்னும் கேள்விக்கு மூன்று விடைகள் கூறலாம். ஆன்மவாதம் எனப்படும் நித்தியமான உயிர்க்கொள்கையின்படி, மாறும் உறுப்புகளுக்குள் மாறாத சாரம் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் நிலையத்தில் அத்தகைய சாரத்தைத் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. உரிமையாளரே சாரம் என்றால், 2எஸ்எம் தன் திருச்சபைத் தொடர்பை விடாமலேயே 1970களில் நகரத்து இளைஞரின் ராக் இசை நிலையமாக மாறியதை விளக்க இயலாது. பெயரே சாரம் என்றால், 2020இல் 2சிஎச் என்னும் பெயரும் இசையும் டிஜிட்டல் ஒலிபரப்புக்குச் செல்ல, அதன் பழைய 1170 அலைவரிசை விளையாட்டு நிலையமாக மாறியபோது, பழைய நிலையத்தின் உண்மையான வாரிசு பெயரா, இடமா என்பதைத் தீர்மானிக்க இயலாது. இரண்டாம் விடை பௌத்தருடைய கணபங்க வாதம்: ஒவ்வொரு பொருளும் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது, தொடர்ச்சி உண்டு, நிலைத்த பொருள் இல்லை. மூன்றாவது சமணருடையது: தோன்றுதல், அழிதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் ஒரே பொருளிடத்தில் ஒருங்கே உள்ளன.

இவற்றுள் எது சரி என்பதைவிட, இவற்றைச் சோதிக்கத் தமிழ்ச் சமணக் காப்பியமாகிய நீலகேசி போன்ற வாத நூல்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் இங்கே முதன்மையானது. அந்த அளவுகோல் வினைப்பயன். கணந்தோறும் எல்லாம் அழியுமானால், செய்தவனுக்குப் பயன் வந்து சேராமற்போவதாகிய ‘கிருதநாசம்’ என்னும் குற்றமும், செய்யாதவனுக்கு அப்பயன் வந்து சேர்வதாகிய ‘அகிருதாப்யாகமம்’ என்னும் குற்றமும் நேரும் என்பது பௌத்தர்க்கு எதிரான வாதம். பௌத்தர் இதற்கு விடையின்றி நிற்கவில்லை. மிலிந்தனின் கேள்விகள் என்னும் பாலி நூலில், மாம்பழம் திருடியவன், உரியவன் நட்ட விதை வேறு, தான் பறித்த பழம் வேறு என்று வாதிட்டாலும் தண்டனைக்குரியவனே என்று நாகசேனர் விளக்குகிறார். விதையிலிருந்தே பழம் வந்ததால் தொடர்ச்சியே பொறுப்புக்குப் போதுமானது. ஆகவே நிலைத்த ஆன்மாவை ஏற்பவரும் மறுப்பவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: பொருள் மாறிவிட்டது என்று காட்டுவதால் வினை தீர்ந்துவிடாது.

இந்த அளவுகோலைச் சிட்னி வரலாற்றின்மீது வைத்துப் பார்ப்பது அவசியம். சாதி, இனம், நிறம், சமயம், பால் என்னும் வேறுபாடுகளைக் கடந்த உலக சகோதரத்துவத்தின் கருவாக அமைவதே பிரம்மஞான சபையின் முதல் நோக்கம். அந்நோக்கத்தை நகரெங்கும் பரப்பவே 2ஜிபி பிறந்தது. 2005 டிசம்பரில் சிட்னியின் க்ரொனல்லா கடற்கரையில் மத்திய கிழக்குத் தோற்றமுடையோரைக் கும்பல்கள் தாக்கின. அந்நிகழ்வை ஒட்டிய நாள்களில் அதே அழைப்புக்குறியின்கீழ் ஒலித்தவற்றுள் சில, வன்முறையைத் தூண்டக்கூடியவை, இன அடிப்படையில் இழிவுபடுத்துபவை என்று ஆஸ்திரேலியத் தகவல்தொடர்பு ஊடக ஆணையம் 2007இல் முடிவு செய்தது. சகோதரத்துவத்துக்காக நட்ட பெயர் எண்பது ஆண்டுகளில் இத்தகைய தீர்ப்புக்கு உள்ளானது வருத்தத்துக்குரியது. அதைக் காலமாற்றம் என்று சொல்லி எளிதாகக் கடந்துவிட இயலாது.

வாங்கியவர்கள் பிரம்மஞானத்தை வாங்கவில்லை, உரிமத்தையும் கருவிகளையுமே வாங்கினார்கள், ஆதலின் நிறுவியவர்களின் இலட்சியம் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு தடை எழுப்பப்படலாம். தடை ஓரளவுக்கு நியாயமானதே. எந்தத் தலைமுறையும் தனக்குப் பின்வருவோர்மீது தன் சமயக் கொள்கையைச் சுமத்த உரிமை பெற்றதன்று. அவ்வாறே பிரம்மஞானிகள் வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்மை உலகாசானாக எதிர்பார்த்திருந்த நட்சத்திர சங்கத்தை 1929இல் தாமே கலைத்தார். அச்சங்கத்தார் மோஸ்மனிலேயே கடலை நோக்கிக் கட்டிய பெரும் திறந்தவெளி அரங்கும் 1951இல் இடிக்கப்பட்டது. கலைப்பது நேர்மையான செயல், ஏனெனில் கலைத்தவர் அந்தப் பெயரால் வரும் எதையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நிலையத்தை விலைக்கு வாங்குவோர் செய்வதோ வேறு. பல பத்தாண்டுகளாக ஒரு நகரம் தன் காலைப் பொழுதில் திருப்பிப் பழகிய அலைவரிசையையும், அதன்மீது வைத்த நம்பிக்கையையும், தாம் ஈட்டாத அந்த நற்பெயரையும் அவர்கள் விலைபேசியே வாங்குகிறார்கள். செய்யாத நல்வினையின் பயனை இவ்வாறு ஏற்றுக்கொண்டவர், அதனோடு பிணைந்த கடனை மட்டும் தமதன்று என்று மறுப்பாராயின், தத்துவவாதிகள் சுட்டிய இரு குற்றங்களையும் அவரே ஒருங்கே செய்தவராவார்.

அக்கடன் இன்ன கொள்கையைப் பரப்ப வேண்டும் என்பதன்று. கேட்பவரை விலைப்பொருளாகவும், கேட்பவரின் அண்டை வீட்டாரைப் பகைப்பொருளாகவும் ஆக்காமலிருப்பது என்பதே. வான்வெளி அலைகள் மக்கள் அனைவருக்கும் உரியவை. நிலையங்களுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே உண்டு. ஆதலின் ஒரு நிலையம் கைமாறும்போது யார் எத்தனை பங்கு வாங்கினார் என்பதோடு, அந்தப் பெயரின் கடந்த கால வினைகளுக்கு இனி யார் பொறுப்பேற்பார் என்றும் ஆணையமும் நேயர்களும் கேட்க வேண்டும். பெயரை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதன் வினையையும் சுமக்க வேண்டும். சுமக்க மனமில்லாதோர் பெயரை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே அறம்.