மேய்ப்பன் காட்டிக்கொடுக்கலாமா?

1992 மே மாதம். பாஸ்டன் நகரின் மாட்டபன் பகுதியில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் ஆலயத்தில் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்கான ஆராதனை. நடுவில் ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. துக்கத்துக்கு வந்திருந்த இன்னோர் இளைஞனைச் சபையார் கண்ணெதிரே அடித்துக் கத்தியால் குத்தியது. வீதியில் நடப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று இனி எந்தப் போதகரும் சொல்லிக்கொள்ள முடியாது.

யூஜின் ரிவர்ஸ், ரே ஹாமண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலிய கறுப்பினப் போதகர்கள் அந்த ஆண்டே ‘டென் பாயிண்ட் கோயலிஷன்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பையன்கள் கூடும் தெருமுனைகளுக்கு ராத்திரியில் நடந்தே போனார்கள். பிரசங்கம் பண்ணப் போகவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கப் போனார்கள்.

1996இல் நகரக் காவல்துறை ஹார்வர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரில் இருந்தவை 61 கும்பல்கள். ஆட்கள் சுமார் 1,300 பேர். நகரத்து இளைஞரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இளைஞர் கொலைகளில் பாதிக்கு மேல் இவர்கள் சம்பந்தப்பட்டவை. இவர்களை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். போலீஸ், நன்னடத்தை அலுவலர், நகர நிர்வாகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய தெருப் பணியாளர், போதகர் என எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். இனி ஒரு கொலை விழுந்தால் அந்தக் கும்பல் முழுவதையும் சட்டம் விடாமல் துரத்தும். விலகி வருகிறவனுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்வோம். அவ்வளவுதான் பேச்சு.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம். எந்தப் பையனைத் திருத்தலாம், எவனை வெளியே விட்டால் இன்னும் உயிர் போகும் என்று போதகர்களே போலீஸுக்குச் சொல்லும் நிலை வந்தது. ஆடுகளைக் காக்க வேண்டிய மேய்ப்பன், ஓர் ஆட்டைச் சுட்டிக்காட்டலாமா?

அதுவும் எந்தப் போலீஸிடம்? 1989இல் வெள்ளையர் ஒருவர் கர்ப்பிணி மனைவியைத் தானே கொன்றுவிட்டு, கறுப்பன் ஒருவன் சுட்டான் என்று சொன்னார். அதை நம்பி மிஷன் ஹில் பகுதியில் கறுப்பினப் பையன்களைத் தெருவில் நிறுத்தி நிறுத்திச் சோதித்த போலீஸிடம்.

நெல்லைப் பக்கம் சேகரகுருவாக இருந்தபோது இதே கேள்வி என் வாசலுக்கும் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கொலை விழுந்திருந்த சமயம். ராத்திரி ஒரு தாய் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “ஐயா, அவன் பரண்ல அருவா வச்சிருக்கான். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, பெத்தவளே காட்டிக்கொடுத்த பாவம் ஆகாதா?”

யூதாசை நினைத்துத்தான் அவள் நடுங்கினாள். நான் அவளுக்கு எசேக்கியேலில் வரும் காவற்காரனைப் பற்றிச் சொன்னேன். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்தால், செத்தவனின் இரத்தப்பழி அந்தக் காவற்காரன் தலையில்தான். ஆனால் அது பாதிப் பதில். யூதாஸ் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். தான் ஒப்புக்கொடுத்தவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நீ நிற்பாய் அல்லவா, நானும் நிற்கிறேன் என்றேன். ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். அந்தப் பையன் உள்ளே இருந்த காலமெல்லாம் மனு எழுதிக் கொடுத்து அவனைப் பார்த்துவந்தேன். அவன் என்னை வெறுத்த நாட்களும் உண்டு. அதைத் தாங்குவதும் ஊழியம்தான்.

ஆகவே நான் நம்புவது இது. ஒருவனுக்காக ராத்திரி தெருவில் நின்றவனுக்கே அவனைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. சொன்ன பிறகும் அவனை விட்டுப் போகாதவன் சொன்னால்தான் அந்தச் சொல் நியாயம். அன்பு இல்லாமல் கொடுக்கும் தகவல் காட்டிக்கொடுத்தல். கொலையைத் தடுக்காத அன்போ, சாகப்போகிற அடுத்த பிள்ளைக்குச் செய்யும் துரோகம். தொலைந்த ஆட்டைத் தேடிப்போகிற மேய்ப்பனுக்கு மற்ற தொண்ணூற்றொன்பதும் சொந்தம்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 1994இல் பாஸ்டன் போலீஸ் வீடு மாறிப் புகுந்ததில், 75 வயது ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர் மாரடைப்பால் இறந்துபோனார். காவல்துறைத் தலைவர் பால் எவன்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த அதிகாரத்தோடு மட்டுமே சபை கைகோர்க்க முடியும். அடுத்தமுறை தப்பு நடந்தாலும் வாய்திறந்து கண்டிக்கும் சுதந்திரத்தைச் சபை அடகு வைக்கக் கூடாது.

1990இல் அந்நகரில் 152 கொலைகள், 1999இல் 31. மற்ற நகரங்களிலும் அந்தக் காலத்தில் கொலைகள் குறைந்தன. எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுக்க முடியாது. ஆனால் முயற்சி தளர்ந்த பிறகு 2000களில் கொலைகள் மறுபடி ஏறின என்பதும் உண்மை. ஒரு தலைமுறைப் பையன்களோடு நின்றது அடுத்த தலைமுறைக்குக் கணக்கில் வராது. ஆகையால் நகர நிர்வாகங்கள் இதை ஒரு பதவிக்காலத்துத் திட்டமாக நடத்தக் கூடாது. ஆண்டுதோறும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். சபைகளும் அடக்க ஆராதனைக்குக் காத்திராமல், பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவன் நிற்கும் தெருமுனைக்குப் போக வேண்டும்.